பெட்டிக்குள் ஓர் ஆள்

கடலூரில் பிணம் வைக்கும் ஃப்ரீசர் பாக்ஸை வாடகைக்கு விடும் என் அக்கா புருஷன் கதிர்வேல், 2011இல் இன்டர்நெட்டில் விளம்பரம் கொடுத்தார். ஒருவரும் கூப்பிடவில்லை.

"காலிப் பெட்டிய யாரு பாப்பாங்க? உள்ள ஆள் இருந்தாதான் எடுபடும். நீ படு மச்சான்" என்றார்.

என் புத்தி எங்கே போனதோ, படுத்துத் தொலைத்தேன். மாலை போட்டுப் படம் எடுத்தார்.

மறுநாளே சிங்கப்பூரிலிருந்து என் பெரியப்பா அவருக்குப் போன் போட்டு அழுதார். விளம்பரத்தைப் பார்த்தாராம். தான் வந்துசேரும்வரை என்னைப் பெட்டியிலேயே வைத்திருக்கச் சொன்னாராம்.

"உசுரோட இருக்கான்னு சொல்ல வேண்டியதுதான மாமா?" என்று கத்தினேன்.

அவர் பெட்டியின் ப்ளக்கைச் சொருகினார்.

"நெட்ல வந்த மொத ஆர்டர் மச்சான், கெடுத்துடாத. போய்ப் படு."