பட்டக்காரர் என்றால்

இருசாயியின் சாமைக்காடு தன்னுடையது என்று அடிவாரத்து மிளகு வியாபாரி ஒருவர் பத்திரத்தோடு வந்து நின்றபோது பொன்னனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மலைமேல் ஏழு ஊருக்கும் அவர் பட்டக்காரர். புருசனை இழந்த இருசாயிக்கு அந்தக் காட்டை ஊர் கூட்டித் தீர்ப்புச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். நானே வந்து சாட்சி சொல்கிறேன் என்று அவளைக் கூட்டிக்கொண்டு மலையிறங்கினார்.

விசாரணை அதிகாரி சின்ன வயசு, மரியாதை தெரிந்தவர். பட்டா இருக்கிறதா என்று கேட்டார்.

"பட்டா இல்லீங்க. பட்டம்."

எந்த உத்தரவில் கொடுத்தது, என்ன தேதி என்றார் அதிகாரி. பொன்னன் நிதானமாக விளக்கினார். பட்டம் என்றால் நெற்றியில் கட்டுகிற துணி. தகப்பன் செத்தால், சாமி முன்னால் ஏழு ஊரும் கூடி மகனுக்குக் கட்டும். கட்டிக்கொண்டவன் பட்டக்காரன். ராசாக்களுக்குத் தங்கத்தில் கட்டினார்களாம், மலையில் துணிதான்.

அதிகாரி முழுக்கக் கேட்டார். பிறகு குமாஸ்தா தான் எழுதியதை வாசித்தார்: சாட்சி பொன்னன், தொழில் விவசாயம், பட்டப்பெயர் பட்டக்காரர்.

அது பட்டப்பெயர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார் பொன்னன். அதற்குள் மைப்பெட்டி முன்னால் வந்துவிட்டது. பெருவிரலை வைத்தார். காடு பத்திரக்காரருக்கே என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.

திரும்பி ஏறும்போது பாதி மலையில் இருசாயி நின்றாள். ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்தாள். அவள் அண்ணன் முத்தன், முறையில்லாத பெண்ணைக் கட்டிக்கொண்டதற்காக இதே பொன்னனால் ஏழு ஊருக்கும் ஆகாதவனாகத் தள்ளிவைக்கப்பட்டவன். அடிவாரத்து முள்ளுக்குறிச்சிப் பக்கம் கிணறு வெட்டப் போய், மண் சரிந்து செத்தான். பிணத்தைக்கூட மேலே கொண்டுவர விடவில்லை. அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

"ஏனுங்க, உங்க சொல்லுக்கு அங்க ஒரு மதிப்பும் இல்லீங்களே. அப்ப எங்கண்ணன எத வெச்சுத் தொரத்துனீங்க?"

பொன்னன் தன் காட்டில் கீழ்ப்பாதியை அவளுக்கு விட்டுவிடுவதாகச் சொன்னார்.

"அதுவும் வாய்வார்த்தைதானுங்களே," என்று எழுந்துகொண்டாள்.

அந்த வாரமே மண்வேலைக்கு மலையிறங்கிப் போனாள். அடுத்த மாதம் எல்லைத் தகராறோடு அண்ணன் தம்பி இருவர் பொன்னன் வாசலில் வந்து காத்திருந்தார்கள். உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், அவர்கள் எழுந்து போகும்வரை வெளியே வரவில்லை.