காற்றுப் பெட்டி

கணவாய்ச் சாவடியின் பழைய கணினி அன்று காலை கண்ணை மூடிவிட்டது. புதிதாக வந்ததில் உலாவியைத் தவிர வேறெதையும் நிறுவக் கூடாதென்று மேலிடத்து உத்தரவு. சாலையின் தடுப்புக்கட்டையைத் தூக்கி இறக்குவது கெஞ்ஜெபெக்கின் வேலை. திரை ஓரத்தில் காற்று, குளிர், கடிகாரம் என்று மூன்று குட்டிப் பெட்டிகளை வைத்துக்கொண்டுதான் பத்து வருடமாக அவர் மலையைப் படித்துவந்தார். அவை போனதில் கை ஒடிந்தது போலிருந்தது.

கணினியை மாட்ட வந்த மேரிம் அவர் புலம்பலுக்குச் சிரிக்கவில்லை. தேநீர் ஆறுவதற்குள் மூன்றையும் உலாவிக்குள்ளேயே ஓடவிட்டாள். அதே நிறம், அதே இடம். விரலால் இழுத்தால் நகரக்கூடச் செய்தன. கெட்டிக்காரி என்று அவர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

மதியம், பெண்ணழைக்கப் போகும் மாப்பிள்ளை கோஷ்டி மினிபஸ்ஸில் வந்து நின்றது. கெஞ்ஜெபெக் உலாவியின் இன்னொரு பக்கத்துக்குப் போய், ஆள் ஆளாகப் பெயர் கேட்டு அரை மணி நேரம் வண்டிப் பதிவை நிரப்பிவிட்டுப் பெட்டிகளுக்குத் திரும்பினார். காற்று வினாடிக்கு ஒன்பது மீட்டர். பதினைந்தைத் தாண்டினால்தான் ஆபத்து. போன குளிர்காலத்தில் மேல் வளைவில் ஒரு லாரியைக் காற்றே பள்ளத்தில் தள்ளியது. கட்டையின் கயிற்றைப் பிடித்தவர் மறுபடி திரையைப் பார்த்தார். ஒன்பது. பதிவைத் தொடங்கும்போதும் ஒன்பதுதான். கடிகாரம் ஓடுகிறது, காற்று மட்டும் அசையவில்லை.

"என்ன அண்ணே, ஒன்பதுன்னு உங்க பெட்டியே சொல்லுதே. அங்க ஆட்டுக்கறி ஆறிப்போகுது" என்றான் ஓட்டுநர்.

"மலைக்காத்து இவ்வளவு நேரம் ஒரே எண்ணுல உட்காராதுப்பா. மேரிம், இதக் கொஞ்சம் பாரும்மா."

மூலையில் பழைய கணினியின் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தவள் வந்து பார்த்தாள். ஓட்டுநர் கேட்கும்படியே சொன்னாள்: "தப்பு என்னோடது அண்ணே. நீங்க வேற பக்கம் போனதும் உலாவி இதத் தூங்க வச்சிருச்சு. மேல இருக்கற கருவியோட தொடர்பும் அறுந்துபோச்சு. எழுந்ததும் திரும்பப் பிடிக்கணும்னு நான் எழுதவே இல்ல."

கணினியைத் திட்டவில்லை, அவர் பக்கம் மாற்றியதையும் குத்திக்காட்டவில்லை. பெட்டிகளை விட அதுதான் அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அவள் தட்டத் தட்ட ஒன்பது சாம்பல் நிறமானது. அதனடியில் 'முப்பத்தைந்து நிமிடப் பழசு' என்று வந்தது. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பெட்டியை அவர் அன்றுதான் பார்த்தார். அப்புறம் தொடர்பு கிடைத்தது. சிவப்பில் முப்பத்தொன்று.

ஓட்டுநர் போய் இன்ஜினை அணைத்தான். மாப்பிள்ளை இறங்கி வந்து, வெள்ளைக் கல்பாக் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு, திரைக்கு எதிரே உட்கார்ந்தான். முப்பது. இருபத்தெட்டு. அவன் பாதி எழுந்தான். முப்பத்திரண்டு.