மாஸ்டர் வீட்டுச் சாம்பார்

கோச்சடையில் சீதாராமன் மாஸ்டரின் மனைவியாக இருப்பது ஸ்யாமளாவுக்குப் பெரிய தொல்லையாக இருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும், "உங்களுக்கென்ன, தினமும் கல்யாணச் சாப்பாடு" என்று சொன்னார்கள். இருபத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த இருபத்தாறு வருஷத்தில் மாஸ்டர் வீட்டு அடுப்பைப் பற்ற வைத்தது மூன்று தடவை. அதில் இரண்டு தடவை வெந்நீருக்காக.

சீதாராமன் கல்யாணச் சமையலில் பெயர் எடுத்தவர். ஆயிரம் இலைக்குச் சாம்பார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வைத்துவிடுவார். இரண்டு பேருக்கு வைக்கத்தான் வராது. காய் வாங்குவதும் அப்படித்தான். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக எடுத்துப் பழகியவருக்குக் கால் கிலோ என்று ஒரு அளவு இருப்பதே அவமானமாகப் பட்டது. ஒருமுறை வீட்டுக்குக் கத்தரிக்காய் வாங்கி வரச் சொன்னதற்குப் பன்னிரண்டு கிலோ கொண்டுவந்து இறக்கினார். தெரு முழுக்கக் கொடுத்தும் மிச்சம் இருந்தது. அதற்குப் பிறகு ஸ்யாமளாவே, பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிந்து வரும் வழியில், காளவாசலில் இறங்கி வாங்கி வந்துவிடுவாள்.

மாஸ்டரின் நாக்கு வேறு ரகம். நாளெல்லாம் நெய்யிலும் பெருங்காயத்திலும் நின்று வருகிறவருக்கு வீட்டில் குழம்பு வாசம் ஆகாது. பாக்கெட் நூடுல்ஸ் வேண்டும், அதன் தலையில் தக்காளி சாஸ் வேண்டும். அதைச் சாப்பிட்டுவிட்டு ரஸ்க்கை டீயில் நனைத்துத் தின்பார். இவர்தான் யூடியூப்காரர் ஒருவர் மைக்கை நீட்டியபோது, தன் கைக்குப் பாக்கெட் மசாலாவே ஆகாது, வீட்டில் இன்றும் அம்மியும் கல்சட்டியும்தான் என்று சொல்லி வைத்தார்.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு ரவிசங்கரும் லலிதாம்பாளும் வந்தார்கள். அவர் ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர், அவர் மனைவி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. மகள் சாருலதாவுக்குக் கல்யாணம். இருவரும் சமீபத்தில் செக்கு எண்ணெய்க்கும் மண்பானைத் தண்ணீருக்கும் மாறியிருந்தார்கள். வீட்டில் வெள்ளைச் சர்க்கரையை ஒழித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. உடம்பில் இருந்த சர்க்கரை மட்டும் ஒழியவில்லை.

"மண்டபத்துல எல்லாரும் நல்லாத்தான் சமைப்பாங்க. வீட்டுல நீங்க எப்படிச் சமைக்கிறீங்கன்னு பாக்கணும்" என்றார் லலிதாம்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருவதாகவும் அவரே முடிவு செய்தார். வாயைத் திறந்து மாட்டிக்கொண்ட மாஸ்டர் தலையாட்டினார்.

வீட்டில் அம்மியும் கிடையாது, கல்சட்டியும் கிடையாது. சனிக்கிழமை டவுனுக்குப் போய்ப் பித்தளை உருளி, இரும்புச் சட்டி, மரக்கரண்டி, கல்சட்டி என்று வாங்கிக் குவித்தார். கல்சட்டியை ஒரு வாரம் சூடு காட்டிப் பழக்கின பிறகுதான் அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று கடைக்காரர் சொன்னபோது, சமையலைப் பற்றித் தனக்கே பாடம் எடுக்கிறாரா என்று கோபித்துக்கொண்டார். உண்மையில் அவர் சமைத்ததெல்லாம் அலுமினிய அண்டாவிலும் ஸ்டீல் அண்டாவிலும்தான். கல்சட்டியைப் பக்கத்தில் பார்ப்பதே அன்றுதான். வரும் வழியில் பைபாஸ் ரோட்டோரம் ஒரு அம்மியும் கிடைத்தது. அதை வீட்டுக்குள் இறக்கிய ஆட்டோக்காரர் மருது இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "இம்புட்டு வருஷம் இதில்லாம எப்படிண்ணே சமைச்சீங்க?" என்று கேட்டார். மிக்ஸியும், ஏர் ஃபிரையரும், நூடுல்ஸ் பாக்கெட்டுகளும் பீரோவுக்குள் போயின. அவற்றுக்கு இடம் கொடுத்த பட்டுப்புடவைகள் கட்டிலுக்குப் போயின. ஸ்யாமளா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் ஹாலில் உட்கார்ந்து, புளி கொதிக்கும் மணத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது அடுப்படியில் 'பொட்' என்று ஒரு சத்தம் கேட்டது. கல்சட்டி குறுக்காகப் பிளந்து, வத்தக்குழம்பு மொத்தமும் அடுப்பின் மேல் ஓடித் தீயை அணைத்தது. மாஸ்டர் மரக்கரண்டியோடு அப்படியே நின்றார்.

மாஸ்டரும் ஸ்யாமளாவும் வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. விருந்தாளிகளுக்கு அது புரியாதது அன்றைக்குப் பெரிய வசதியாக இருந்தது.

"காலையில குக்கர்ல கொஞ்சம் சாம்பார் வச்சேன். உங்களுக்குன்னு வைக்கல, எனக்கு வச்சது. வேணுமா, வேண்டாமா?" என்றாள் ஸ்யாமளா.

அவர் அதை வாயில்கூட வைத்துப் பார்க்காமல் உருளியில் மாற்றச் சொன்னார். இலை போட்டார்கள். முதல் வாய்க்கே லலிதாம்பாள் கண்ணை மூடிக்கொண்டார். ரவிசங்கர் மூன்று தடவை கேட்டு வாங்கினார். அம்மியில் அரைத்தால்தான் இந்த மணம் வரும், மிக்ஸியில் அரைத்தால் சத்தெல்லாம் சூட்டிலேயே செத்துப்போகும் என்று விளக்கமும் சொன்னார்.

ஸ்யாமளா கரண்டியோடு நின்று, "இது நான் வச்சதுங்க. குக்கர்ல வச்சேன். பாக்கெட் பொடிதான்" என்றாள்.

லலிதாம்பாள் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "மாஸ்டர், உங்க வீட்டம்மா நல்லா தமாஷ் பண்றாங்க" என்றார். ரவிசங்கருக்குச் சிரித்ததில் புரையேறியது. இரண்டு பேரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். மாஸ்டர் அப்பளக் கூடையைப் பார்த்தார். "ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போடு" என்று மட்டும் சொன்னார்.

இதே சாம்பார் மண்டபத்திலும் வேண்டும் என்று அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு அவர்கள் போனார்கள். ஸ்யாமளா அன்றிலிருந்து பேசவில்லை. அவள் பேசவில்லை என்பதைக் கவனிக்க மாஸ்டருக்கு இரண்டு நாள் ஆயிற்று.

உருளியின் அடியில் ஒட்டியிருந்ததை அவர் ஞாயிற்றுக்கிழமை மாலையே வழித்து நக்கிப் பார்த்திருந்தார். பருப்பும் பொடியும் தெரிந்தன. மூன்றாவதாக ஒரு ருசி இருந்தது, அதற்குத்தான் பெயர் தெரியவில்லை. காளவாசலில் கடை கடையாக ஏறிப் பதினோரு வகைச் சாம்பார்ப் பொடி வாங்கினார். தெரிந்த முகம் எதிரில் வந்தால் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். ஒரு வாரம், கல்யாணம் இல்லாத நாளெல்லாம், வீட்டில் சாம்பார் வைத்தார். எதை வைத்தாலும் கல்யாணச் சாம்பாராகவே வந்தது, அதுவும் ஐம்பது பேருக்கு. கத்தரிக்காய்க் காலம் திரும்பிவிட்டதென்று தெருவில் பாத்திரத்தோடு வந்தார்கள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் அவள் ஆபீஸிலிருந்து வந்ததும் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அவங்க சிரிச்சப்ப நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா."

"அதுல என்ன போட்ட?"

விருந்துக்கு முந்தின நாள் காளவாசலில் வாங்கிய தோசைப் பார்சலில் மிஞ்சிய தேங்காய்ச் சட்னி ஃப்ரிட்ஜில் இருந்தது, தூக்கிப் போட மனசு வராமல் அதைச் சாம்பாரில் கரைத்துவிட்டேன் என்றாள் அவள். முப்பது வருஷச் சமையலில் இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

"பழைய சட்னியா?" என்றார்.

"முந்தின நாள் சட்னி" என்று அவள் திருத்தினாள்.

கல்யாணத்துக்குத் தானே வந்து வைப்பதாகச் சொன்னாள். அதற்கு இரண்டாம் மாஸ்டருக்குக் கொடுக்கும் கூலி வேண்டும், யார் வைத்தது என்று கேட்டால் அவர் வாயாலேயே சொல்ல வேண்டும் என்றாள். கூலிக்கு அவர் உடனே ஒத்துக்கொண்டார். மற்றதற்கு ஒரு டம்ளர் டீ குடிக்கும் நேரம் ஆயிற்று.

கல்யாணத்துக்கு முதல் நாள் மத்தியானமே மண்டபத்துச் சமையல்கட்டில் ஒரு அண்டா தேங்காய்ச் சட்னி அரைக்கச் சொன்னார். பதினைந்து வருஷமாக அவரிடம் கிரைண்டர் பார்க்கும் மலையம்மாள், நாளைக் காலை டிபனுக்கு இப்போதே ஏன் அரைக்க வேண்டும் என்று கேட்டாள்.

"டிபனுக்கு இல்ல மலையம்மா. இது ஃப்ரிட்ஜ்ல கிடந்து நாளைக்குப் பழசாகணும்" என்றார் மாஸ்டர்.

மலையம்மாள் அவர் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தேங்காயை உள்ளே தள்ளினாள்.

மறுநாள் ஸ்யாமளா லீவு போட்டுவிட்டு வந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அண்டா முன்னால் நின்றாள். அளவு எதுவும் சொல்லவில்லை, போடச் சொல்லிப் போடச் சொல்லி ருசி பார்த்தாள். மாஸ்டர் வழக்கம்போல் உப்புக் கரண்டியைத் தூக்கியபோது "போதும்" என்றாள். அவர் கரண்டியை இறக்கினார். ஆட்கள் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அவள் புறங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கி, கண்ணைச் சுருக்கி யோசித்தாள். இந்த முகத்தோடு அவள் தினமும் இரண்டு பேருக்குச் சமைத்திருக்கிறாள், அதில் ஒருவன் பாக்கெட்டைப் பிரித்துத் தின்றிருக்கிறான் என்று அவருக்குத் தோன்றியது. அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. வெட்கத்தில் அண்டாவைத் தேவைக்கு மேலேயே கிண்டினார்.

இரண்டாம் பந்தி முடிவதற்குள் சாம்பார் அடி தெரிந்துவிட்டது. லலிதாம்பாள் பட்டுப்புடவை சரசரக்கச் சமையல்கட்டுக்கே வந்து, மாப்பிள்ளை வீட்டார் அசந்துபோனதாகச் சொன்னார். ரவிசங்கர் பின்னால் நின்று தலையாட்டினார்.

மாஸ்டர் துண்டில் கையைத் துடைத்தார். "அம்மா, சாம்பாரு நான் வைக்கல. இவங்கதான் வச்சாங்க. இன்னைக்கு மாஸ்டர் இவங்கதான், நான் கிண்டி விட்டேன், அம்புட்டுத்தான்" என்றார்.

லலிதாம்பாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கணவர் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? இம்புட்டுப் பேரும் புகழும் இருந்தும் சம்சாரத்தை விட்டுக் கொடுக்காம பேசறாரு. இந்த மனசுதான் அவரு கையில ருசியா வருது" என்றார். பிறகு ஸ்யாமளாவின் தோளைத் தட்டி, இப்படி ஒருவர் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டர் கூப்பிட்டு மறுபடி சொல்ல வாயெடுத்தார். ஸ்யாமளா, "விடுங்க" என்று சௌராஷ்டிரத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு, பல நாள் கழித்து, சிரித்தாள்.

கூலியை அவள் மறுநாளே கேட்டு வாங்கினாள். அதோடு தன் சம்பளத்தில் சேர்த்து வைத்ததையும் போட்டுப் பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்று வாங்கினாள். கம்பெனி ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனதும் அடுத்த வீட்டு நாகஜோதி பார்க்க வந்தாள். மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"மாஸ்டர் வாங்கித் தந்தாராக்கும்? உங்க மேல எம்புட்டு அக்கறை" என்றாள்.

ஸ்யாமளா இந்தத் தடவை உண்மையைச் சொல்லிச் சிரமப்படவில்லை. "ஆமா நாகஜோதி. தினமும் வீட்டுப் பாத்திரம் பூரா அவருதான் கழுவுறாரு. கை வலிக்குதுன்னாரு, அதான்" என்றாள்.

இருபத்தாறு வருஷத்தில் அவள் சொன்னதை அந்தத் தெரு மறுபேச்சில்லாமல் நம்பியது அன்றுதான். இருட்டுவதற்குள் சேதி கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்தது. ஏழெட்டு வீடுகளில் அன்று சாப்பிட்ட தட்டை யார் கழுவுவது என்று பேச்சு வந்தது. மறுநாள் காலையில் மாஸ்டர் பால் வாங்கப் போனபோது தெருவில் எந்த ஆம்பளையும் அவருக்கு வணக்கம் வைக்கவில்லை.