இரண்டு தோள்களும் ஒரே மாதிரி

டொக்டர் லுண்ட் அன்றைக்கு என் தோளைத் தொட்டுப் பார்க்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு மஞ்சள் கடதாசியை எடுத்து என் பக்கமாகத் தள்ளினார். கடதாசி தள்ளுகிறவர்களை நான் நம்புவதில்லை. பக்கத்தில் இருந்த அந்தோனிதாசன் மாஸ்டர்தான் எடுத்து வாசித்தார். மாஸ்டர் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். டென்மார்க்கில், இந்த ஹேர்னிங் ஊரில், என்னோடு துணிக்குச் சாயம் போடுகிற பெக்டரியில் துணிச் சுருள் தள்ளுகிறவர். எங்கள் ஆட்களில் டெனிஷ் முதலில் பிடிபட்டது அவருக்குத்தான். வைத்தியர், பொலிஸ், கொமூன் என்கிற நகரசபை, எங்கே போனாலும் எங்களுக்கு அவர்தான் வாய்.

“ஓர்ஹுஸில டொக்டருக்குப் படிக்கிற பிள்ளையள் ஒரு சங்கம் வைச்சிருக்கினமாம், குணம். எல்லாரும் பெரிய ஆஸ்பத்திரி, வெட்டிறது தைக்கிறது எண்டு ஓடுகினமாம். சின்ன ஊருகளுக்குக் குடும்ப வைத்தியராப் போக ஆள் சேர்க்கினம். வியாழக்கிழமை பின்னேரம் இஞ்ச வருகினம். டொக்டர் தன்ர நோயாளி ஒராளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்ட வேணுமாம். உம்மைக் கேக்கிறார்.”

“காட்டுறதுக்கு நான் என்ன சந்தை மாடா?”

மாஸ்டர் டொக்டரிடம் நீளமாக ஏதோ சொன்னார். டொக்டர் சிரித்துத் தலையாட்டினார்.

“என்ன சொன்னீங்க?”

“யோசிக்கிறார் எண்டு சொன்னனான்.”

எண்பத்தெட்டு ஐப்பசி. இராசலட்சுமியையும் மகள் நிரோஜாவையும் மட்டக்களப்பிலிருந்து கூப்பிட விண்ணப்பம் போட்டு ஒரு வருஷமும் ஒரு மாதமும் ஆகியிருந்தது. பதில் இல்லை. எனக்கு மட்டுமல்ல, ஒருவருக்கும் இல்லை. அந்த வருஷத் தொடக்கத்தில் பக்கத்து ஊரான ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து ஒரு கதை வந்தது. அங்கே தவராஜா என்பவனுக்கு அவனுடைய வைத்தியர் கடிதம் எழுதிக் கொடுத்தாராம், நாலாம் மாதம் மனைவி வந்து இறங்கினாளாம். நான் தவராஜாவைக் கண்டதில்லை. என்றாலும் சித்திரையிலிருந்து ஒவ்வொரு முறையும் டொக்டர் லுண்டிடம் கடிதம் கேட்டேன். அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். கட்டடத்தால் விழுந்த தோளை வைத்து என்ன எழுதுவது, வேறு ஏதாவது இருந்தால் சொல் என்றார்.

வேறு இருந்தது.

எண்பத்தைந்து மாசியில் என்னை ஆமி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நான் மேசன். ஓட்டமாவடிப் பக்கம் ஒரு கடைக்குச் சுவர் எழுப்பிக் கொண்டிருந்தவனை, கையில் சாந்து காயமுதல் ஏற்றினார்கள். இரண்டு கையையும் பின்னால் கட்டி, அந்தக் கட்டில் கயிறு போட்டுக் கூரை வளையில் தூக்கினார்கள். பதினொரு நாள். பன்னிரண்டாம் நாள் காலையில் போ என்றார்கள். ஏன் விட்டார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பிரச்சினையே அதுதான்.

கொழும்பில் ஏஜென்சிக்காரன் சொன்னான்: “முகாம் எண்டு வாய் திறந்திராத. ஏன் விட்டவன் எண்டு கேப்பாங்க. இயக்கம் எண்டு வெள்ளைக்காரன் நினைப்பான், காட்டிக் குடுத்தவன் எண்டு நம்மட ஆக்கள் நினைப்பாங்க. ரெண்டு பக்கத்தாலயும் போவாய்.” ஆகவே கோப்பன்ஹேகனில் பொலிஸ் விசாரித்தபோது தோளுக்கு ‘கட்டடத்தால் விழுந்தது’ என்றேன். தட்டச்சில் அடித்தார்கள். கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு பேனை வைத்திருக்கிற எவனுக்கும் அதே கட்டடம்தான். ஒரு சொல் மாறினால் கோப்பைத் தூக்கிப் பொய்காரன் என்று எறிவார்கள், அதோடு இராசலட்சுமியும் பிள்ளையும் போய்விடுவார்கள் என்று எங்கள் ஆட்களுக்குள் எல்லாருக்கும் தெரியும்.

வியாழக்கிழமை போனேன். போனால் டொக்டரின் மனம் இளகும் என்ற கணக்கு. ஊர்ப் பொதுமண்டபத்தில் இருபத்தைந்து பிள்ளைகள் இருந்தார்கள். கோப்பி, கேக், மெழுகுதிரி. எங்கள் ஊரில் டொக்டருக்குப் படிக்க இடம் கிடைக்காத பிள்ளைகள் இயக்கத்துக்குப் போனார்கள். இங்கே படித்து முடிக்கப் போகிறவர்களை, ஐயோ எங்கள் ஊருக்கு வாங்கோ என்று கேக் வெட்டிக் கொடுத்துக் கெஞ்சுகிறார்கள். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே இரண்டு துண்டு தின்றேன்.

சங்கத் தலைவன், ஒரு மெல்லிய பெடியன், எழும்பி, ஆஸ்பத்திரிக்கு ஈரல் வரும், இருதயம் வரும், குடும்ப வைத்தியரிடம்தான் மனிதன் வருவான் என்றான். கை தட்டினார்கள். பிறகு டொக்டர் லுண்ட். அவர் நல்ல மனிதர், அதை மறைக்கத் தேவையில்லை. என் நாற்காலிக்குப் பின்னால் நின்று பேசினார். முதல் தரம் இருமலுக்கு வந்தான், பிறகு நித்திரை இல்லை என்று வந்தான், ஏழாம் தரம்தான் மனைவியைப் பற்றிச் சொன்னான். பெரிய ஆஸ்பத்திரியில் இவன் ஒரு தோள். எனக்கு இவன் குணசேகரம். இவனைப் பற்றி எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான். மாஸ்டர் இதையெல்லாம் என் காதுக்குள் சொன்னபோது எனக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

பிள்ளைகளில் ஒருவர் வந்து பரிசோதிக்கலாம் என்றார் டொக்டர். மெட்டே என்று ஒருத்தி எழும்பினாள். மாடு வளர்க்கிற கமக்காரன் மகளாம், கை அகலம். பசுமாட்டைத் தடவுகிற மாதிரி அவசரம் இல்லாமல் என் தோளைத் தடவினாள். கையை உயர்த்தச் சொன்னாள். என் கை காதுக்கு நேரே வந்து நின்றது. மற்றக் கையைக் கேட்டாள். அதுவும் காதுக்கு நேரே நின்றது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாஸ்டரிடம் எதையோ கேட்டாள்.

“விழுந்தால் ஒரு பக்கம்தானே அடிபடும் எண்டு கேக்கிறாள். ரெண்டு தோளும் ஏன் ஒரே மாதிரிப் பழுது எண்டு.”

“ரெண்டு தரம் விழுந்தனான் எண்டு சொல்லுங்க.”

மாஸ்டர் சொன்னார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். மெட்டே சிரிக்கவில்லை. கையை என் தோளிலிருந்து எடுக்கவும் இல்லை. குனிந்து, மெதுவாக, இரண்டாவது கேள்வி கேட்டாள். டொக்டர் லுண்ட் கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். அவரும் ஏதோ சொன்னார். சிரிப்பு நின்றுவிட்டது.

மாஸ்டர் கைலேஞ்சியால் வாயைத் துடைத்தார்.

“ஆரும் செய்ததோ எண்டு கேக்கிறாள், குணம். கையைப் பின்னால கட்டினவங்களோ எண்டு. ஓம் எண்டால் தான் எழுதிற கடிதம் வேற கடிதம் எண்டு டொக்டர் சொல்லுறார். நாளைக்கே போடுவாராம்.”

ஓம் என்று ஒரு சொல். இராசலட்சுமியும் பிள்ளையும் அந்தச் சொல்லுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். நான் மாஸ்டரின் வாயைப் பார்த்தேன். அந்த வாயால் போனால்தான் டொக்டருக்குப் போகும். அந்த வாய்க்குள் வியாழக்கிழமை போனது, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் சனம் கூடும்போது கறிச்சட்டிக்குப் பக்கத்தில் வெளியே வராது என்று யார் சொல்வது? குணத்தை முகாமில வைச்சிருந்தவங்களாம். பிறகு ஏன் விட்டவங்கள்? அது எஸ்பியர்க்கில் இருக்கிற எங்கள் ஆட்கள் வரை போகும், ஊருக்கும் போகும். ஊரில் இராசலட்சுமி தனிய இருக்கிறாள். அதோடு கோப்பில் என் கையெழுத்து.

“நை,” என்றேன், இல்லை என்று. மாஸ்டருக்கு வேலை வைக்காமல் நான் சொந்த வாயால் சொன்ன முதல் டெனிஷ் சொல் அது. பிள்ளைகள் கை தட்டினார்கள். கவலைப்படாமல் பகிடி விடுகிற தைரியசாலி என்று நினைத்திருப்பார்கள். மெட்டே போய் இருந்துகொண்டாள்.

திரும்பி வரும்போது மழை காருக்குப் பக்கவாட்டில் அடித்தது. மாஸ்டர்தான் ஓட்டினார். கடைசி வட்டச்சந்தி தாண்டியதும், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

“நானும் கட்டடத்தால விழுந்தனான், குணம்.”

“நீங்க வாத்தியார் எல்லோ?”

“ஓம்.”

நான் அவருடைய கைகளைப் பார்த்தேன். ஸ்டியரிங்கின் கீழ்ப்பக்கத்தை, தோள் உயராதவர்போல், மடியோடு வைத்துப் பிடித்திருந்தார். இரண்டு வருஷம் அந்தக் காரில் போயிருக்கிறேன், கவனித்ததில்லை.

“பொலிசுக்கு என்ன சொன்னனீங்க?”

“மாமரத்தால விழுந்தது எண்டு.”

என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இயந்திரத்தை அணைக்காமல் இருந்தார். “நாளைக்கு நாங்கள் ரெண்டு பேரும் போய்ச் சொல்லுவமோ? உமக்கு நான் சொல்லுறன். எனக்கு... எனக்கும் நான்தான் சொல்ல வேணும்.”

“நீங்க முதல் சொல்லுங்க. மறுகா நான் சொல்லுறன்.”

ஒருவரையொருவர் நம்ப அந்த ஒரு நிமிஷம் போதவில்லை. பின்னால் ஒரு வாகனமும் இல்லாத ஒழுங்கையில் சிக்னல் போட்டு அவர் காரைத் திருப்பினார். அடுத்த நாள் அவரும் போகவில்லை, நானும் போகவில்லை. டொக்டர் லுண்ட் தன் பாட்டில் ஒரு கடிதம் எழுதினார். வேலையில் விழுந்து தோள் பழுதான ஆள், மனைவி இல்லாமல் கவலையாக இருக்கிறான் என்று. மூன்று வரி. அதற்கும் பதில் வரவில்லை.

தொண்ணூறு ஆனியில் மட்டக்களப்பில் மறுபடி சண்டை தொடங்கியது. இராசலட்சுமி பிள்ளையையும் இழுத்துக்கொண்டு காட்டுப்பக்கம் ஓடி, அங்கே ஆறு நாள் காய்ச்சலில் கிடந்து செத்துப்போனாள். மருந்துக்கு ரோட்டு இல்லை. ஆவணியில் அனுமதி வந்தது, இரண்டு பெயருக்கும். நிரோஜாவை என் மச்சான் கொழும்புவரை கொண்டுவந்து ஏற்றிவிட்டான். விமான நிலையத்தில் அவள் என்னைத் தாண்டிப் போய், வேறொரு தமிழ் ஆளுக்கு முன்னால் நின்றாள்.

தொண்ணூற்று மூன்று தையில் பேப்பர் முழுக்க எங்கள் கதை. அதால் டென்மார்க் அரசாங்கமே விழுந்தது. பெக்டரியில் கோப்பி இடைவேளைக்கு மாஸ்டர் வாசித்துச் சொன்னார்: “எங்கட ஆக்களின்ர ஃபைலெல்லாத்தையும் வேணுமெண்டு தள்ளி வைச்சிருந்தவங்களாம், குணம். கனக்கத் திறந்தும் பாக்கேல்லையாம்.”

இடைவேளை முடிந்ததும் நான் துணிச் சுருளைத் தள்ளினேன். ஒரு சொல் மாறாமல் நான் காவல் காத்த அந்தக் கட்டடத்தை ஒருவனும் வாசிக்கவில்லை.

அந்தக் கிழமை தோள் தாங்க முடியாமல் வைத்தியரிடம் போனேன். டொக்டர் லுண்டுக்கு வயது போய்விட்டது, உதவிக்குப் புது ஆள் வந்திருக்கிறது என்றார்கள். கதவைத் திறந்தது மெட்டே. இருபத்தைந்து பேருக்குக் கேக் கொடுத்து ஒருத்தியைப் பிடித்துவிட்டார்கள். எனக்குக் கை தந்தாள், பெயரைச் சரியாகச் சொன்னாள். மாஸ்டர் பின்னேர வேலை. ஆகவே நிரோஜா வந்திருந்தாள். பன்னிரண்டு வயது, டெனிஷ் தண்ணி மாதிரி ஓடும். மெட்டே ஒரு கணம் அவளைப் பார்த்துத் தயங்கினாள். பிறகு என் இரண்டு தோளிலும் கையை வைத்தபடி கேட்டாள்.

“அப்பா, இது எப்ப வந்தது எண்டு கேக்கிறா. எப்பிடி வந்தது, ஆரும் செய்ததோ எண்டும் கேக்கிறா.”

கோப்புக்குப் பயமில்லை. விசாவுக்குக் காத்திருக்க ஊரில் யாரும் இல்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல என் மகளின் வாய் மட்டும் இருந்தது. கயிறும் வளையும் முதலில் அந்தப் பன்னிரண்டு வயதுக்குத்தான் போகும்.

“சொல்லுங்கவன் அப்பா. நான் சொல்லுறன் அவவுக்கு.”

நிரோஜா என் கோட்டை மடியில் வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்தபடியே, சும்மா இருக்கப் பொறுக்காமல், கோட்டின் இரண்டு கைகளையும் அதன் முதுகுப்பக்கமாக மடித்து, ஒன்றோடொன்று சுற்றி, முடிச்சுப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள்.