மேஸ்திரிக்கு மட்டும் எண்பத்து மூன்று

அந்தக் கட்டடத்தின் நாலாம் மாடிக்கு ஏற எண்பது படிகள். அவற்றைக் கட்டிய மேஸ்திரிக்கு மட்டும், அவருடைய ஐம்பத்திரண்டாம் வயதில், எண்பத்து மூன்று. வேலை முடிந்து வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தவர் வழக்கம்போல மனதுக்குள் எண்பது என்று சொல்லி நிமிர்ந்தபோது, வீட்டுக் கதவு இன்னும் மூன்று படி மேலே இருந்தது. எண்ணிக்கை தப்பிவிட்டதாக நினைத்துக் கீழே இறங்கினார். இறங்கும்போது எண்பது. மறுபடி ஏறினார். எண்பத்து மூன்று. அன்றைக்கு அவர் மனைவி காய்கறிப் பையோடு ஏறியபோது எண்பதுதான் இருந்தது; இரண்டாம் மாடிக்குத் தண்ணீர் கேன் போடுகிறவருக்கு வழக்கம்போல நாற்பதுதான் இருந்தது.

வேறு யாருக்காவது இது நடந்திருந்தால் தலையைச் சொறிந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். மேஸ்திரியால் முடியவில்லை. அவரை அந்த வட்டாரத்தில் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரையில் ஒரு மயிரிழை ஏற்ற இறக்கம் இருந்தாலும் செருப்பைக் கழற்றி நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். அதுவரை நாற்பத்தொரு படிக்கட்டுகள் கட்டியிருந்தார். ஒவ்வொரு படியும் ஆறு அங்குல உயரம், பத்து அங்குல அகலம், கூடாது, குறையாது. அவற்றிலேயே சிறந்தது இதுதான் என்பதால், தினமும் தன் கைவேலையில் காலை வைத்து நடக்கலாமென்று அதே கட்டடத்தின் உச்சியில் வீடு பிடித்துக் குடிவந்தவர் அவர். தான் கட்டிய படி தன்னையே ஏமாற்றும் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

அதனால் அவர் படிக்கட்டின் மேல் சந்தேகப்பட்டார். தூக்குக்குண்டு, ரசமட்டம், டேப் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் படிப்படியாக உட்கார்ந்து அளந்தார். அளவெல்லாம் அச்சில் வார்த்த மாதிரி சரியாக இருந்தது. டேப்புக்கு எண்பது படி, அவர் காலுக்கு எண்பத்து மூன்று. ஐந்தாவது ஞாயிறு, மூன்றாம் மாடித் திருப்பத்தின் முதல் படியில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று தீர்மானித்து, அதன் பூச்சை உளியால் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசினார். பூச்சு காயும்வரை குடியிருந்தவர்களெல்லாம் ஒரு வாரம் அந்தப் படியைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். எட்டாம் நாள் அவர் ஏறி எண்ணியபோது எண்பத்து நான்கு வந்தது.

மூன்றாம் மாடியில் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார். எண்களில் இப்படி ஒரு குழப்பம் தன் கண்ணெதிரே நடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. இருவரும் சேர்ந்தே ஏறி, சத்தமாகவே எண்ணுவது என்று முடிவாயிற்று. தோளோடு தோள் உரச, ஒரே நேரத்தில் கால் வைத்து ஏறினார்கள். வாத்தியார் எண்பது என்று சொல்லி நாலாம் மாடித் தளத்தில் நின்றுவிட்டார். பக்கத்தில் மேஸ்திரி, சமதளத்தில் நின்றபடியே முழங்காலை உயர்த்தி உயர்த்தி இன்னும் நான்கு படி ஏறினார். ஏறி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "ரெண்டு விடையும் சரி மேஸ்திரி" என்றார். அவருடைய ஆசிரியர் வாழ்க்கையில் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

இதையெல்லாம் மேஸ்திரியின் மனைவி தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடை தைப்பது அவள் தொழில். கணவருக்குக் கொஞ்ச நாளாகப் பிடரியில் பாரமாக இருப்பதும், வெயிலில் நின்றதால் வந்தது என்று அவர் சமாளிப்பதும், அவர் தட்டில் உப்பு வாரி வாரி விழுவதும், சிகரெட் இரண்டு பாக்கெட்டாக ஏறியிருப்பதும் அவளுக்குத் தெரியும். உளியை மறுபடி தூக்கிக்கொண்டு அவர் கிளம்பிய காலையில் அவள் மிஷினை நிறுத்தினாள்.

"போன வருஷம் தைச்ச சட்டை இந்த வருஷம் ஒருத்தருக்குப் பத்தலன்னா, நான் டேப்பையா குறை சொல்றேன்? ஆளைத்தான் மறுபடி அளக்கறேன். வாங்க, உங்களை அளந்துட்டு வருவோம்."

மேஸ்திரிக்கு அளவு என்ற வார்த்தைக்கு மேல் மறுப்புச் சொல்லத் தெரியாது. உளியைக் கீழே வைத்தார்.

அடுத்த தெருவில் இருந்த டாக்டரம்மா அவரை ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றி அளந்தார். நூற்றறுபது, கீழே நூறு. ஒரு தடவை அளந்ததை நம்பக் கூடாது என்று வேறு இரண்டு நாட்களிலும் வரச்சொல்லி அளந்தார், எண் அசையவில்லை. இந்த விஷயத்தில் டாக்டரம்மாவும் தன் ஜாதிதான் என்று மேஸ்திரிக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. படி விவகாரத்தை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது டாக்டரம்மா புருவத்தைக்கூட உயர்த்தாமல், சிறிய நோட்டில் ரத்த அழுத்தத்துக்குப் பக்கத்தில் எண்பத்து நான்கு என்று குறித்துக்கொண்டார். முந்தைய வருடம், சர்க்கரை கூடிய நாளெல்லாம் ஒரு டிரைவரின் வண்டிப் புகையில் பழுத்த வாழைப்பழ வாசனை வந்ததையும் அவர் இப்படித்தான் குறித்துவைத்திருந்தார்.

"உங்க படி சரியாத்தான் இருக்கு. நூத்திருபதுக்கு மேல ஒவ்வொரு பத்துக்கும் உங்களுக்கு ஒரு படி கூடுது, அவ்வளவுதான்" என்றார் டாக்டரம்மா. காலையில் ஒரு மாத்திரை, உப்பு பாதி, சிகரெட் அடியோடு வேண்டாம், தினமும் அரை மணி நேரம் நடை என்று எழுதிக்கொடுத்தார்.

படிக்கட்டின் மேல் குற்றமில்லை என்று ஒரு படித்தவர் வாயால் கேட்டதில் மேஸ்திரிக்கு வியாதியே பாதி போய்விட்டது. மீதிப் பாதியை அவர் ஒரு ஒப்பந்த வேலை மாதிரி எடுத்துக்கொண்டார். சிகரெட்டை விட்ட முதல் மாதம் சித்தாள்கள் அவர் பக்கம் போகவே பயந்தார்கள். உப்பு டப்பா மனைவியின் நூல்கண்டுப் பெட்டிக்குள் இடம் மாறியது. எண்பத்து நான்கு எண்பத்து மூன்றாகி, நான்காம் மாதம் எண்பதாகியது. கதவு தன் இடத்தில் நின்ற அன்று அவர் வீட்டுக்குள் போகாமல் கொஞ்ச நேரம் தளத்திலேயே நின்று, கீழே போகிற வருகிறவர்களை ஒரு ராஜா மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்த தப்பு ஒரு மேஸ்திரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தளம் போட்டால் அடியில் முட்டுக் கொடுப்பார்கள்; காங்கிரீட் இறுகியதும் முட்டுகளைப் பிரித்துவிடுவார்கள். இறுகிய பிறகும் முட்டுகளை வைத்திருக்கிறவனைத் தொழிலில் மதிக்க மாட்டார்கள். எண்பது வந்துவிட்டது, இறுகிவிட்டது என்று அவர் மாத்திரையைப் பிரித்தெடுத்துவிட்டார். மனைவி கையில் கொடுக்கும் மாத்திரை ஒவ்வொன்றும் நேராகக் கருவிப் பைக்குள் போயிற்று. எண்பத்தொன்று வந்த நாளோடு எண்ணுவதையும் நிறுத்தினார். ஏறும்போது ஏதாவது ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். தலைவலி ஒன்றும் இல்லாததால் தான் செய்தது சரி என்றே பதினொரு மாதம் நினைத்திருந்தார்.

பன்னிரண்டாம் மாதம் ஒரு நண்பகலில் சாப்பாட்டுக்கு ஏறத் தொடங்கினார். மெட்டு முடிந்தது, படி முடியவில்லை. இன்னொரு மெட்டும் முடிந்தபோது பழக்க தோஷத்தில் எண்ண ஆரம்பித்தார். நூறுக்கு மேல் போயிற்று, இருநூறு போயிற்று. டாக்டரம்மாவின் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தைப் படிக்கட்டு அன்றைக்குச் சட்டை செய்யவில்லை. வாத்தியார் அவரைத் தாண்டி மேலே போனார், ஒரு கதவைத் தட்டிப் பேசினார், திரும்பி இறங்கிப் போனார். மேலே மனைவியின் தையல் மிஷின் ஓடும் சத்தம் பக்கத்திலேயே கேட்டது. முந்நூற்று நாற்பத்தேழாவது படியில் மேஸ்திரி மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வழிந்த வேர்வை தான் தேய்த்துத் தேய்த்து மழமழப்பாக்கிய படியில் சொட்டுவதைப் பார்த்தபோது அவருக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

மிஷின் நின்றது. மனைவி கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அவர் பத்துப் படி கீழே இருந்தார். அவருக்கோ அவள் மலை உச்சியில் நிற்கிற ஆள் மாதிரி கடுகளவு தெரிந்தாள்; ஆனால் இரண்டு மூச்சுக்குள் இறங்கிவந்து பக்கத்தில் நின்றுவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துபோயிற்று.

"எத்தனை நாளா மாத்திரை போடல?"

"இறுகிடுச்சுன்னு நெனச்சேன்மா."

"சரி, எந்திரிங்க. மேல வேணாம், கீழ போலாம். ஆஸ்பத்திரிக்கு."

மேஸ்திரி தலையை ஆட்டினார். "நான் கட்டின படி. ஏற முடியாம பாதியில எறங்கினான்னு தெரிஞ்சா, நாளைக்கு எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்?"

"நீங்க இப்ப ஏறினா, நாளைக்கு ஒருத்தரும் கூப்பிட வேண்டியதே இருக்காது" என்றாள் அவள். அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

முப்பது வருடத் தொழிலில் எந்த வேலையையும் பாதியில் விட்டுத் திரும்பாத மனிதர் தன் வீட்டுக் கதவுக்கு முதுகைக் காட்டினார். இறங்குவதற்கு எழுபதே படிகள் இருந்தன. வாத்தியார் தெருவில் போன சரக்கு வண்டியை மறித்தார்.

ஆஸ்பத்திரியில் இருநூற்றுப் பன்னிரண்டு என்று அளந்தார்கள். விட்ட மாத்திரையையெல்லாம் சேர்த்துப் போட்டுவிடவா என்று மேஸ்திரி கேட்டதற்கு, அவசரப்பட்டு ஒரேயடியாக இறக்கினால் அதுவே ஆபத்து என்று சொல்லி ஐந்து நாள் வைத்து நிதானமாக இறக்கினார்கள். இதயச் சுவர் கொஞ்சம் தடித்திருப்பதாகச் சொன்னபோது எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பார்க்க வந்த டாக்டரம்மாவிடம், இது எப்போதுதான் இறுகும் என்று கேட்டார்.

"இறுகாது. மாத்திரையை எடுத்தா தளம் இறங்கிடும். ஆயுசுக்கும் நிக்கணும்."

"அப்ப இதை முட்டுன்னு நெனச்சதுதான் என் தப்பு. தூணுன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் மேஸ்திரி. டாக்டரம்மா அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு, அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லோரிடமும் தூண் என்றே சொன்னார்.

வீடு திரும்பிய அன்று எண்பத்தாறு படி. ஒவ்வொரு திருப்பத்திலும் மனைவி நாற்காலி போட்டிருந்தாள். மேஸ்திரி கூச்சமில்லாமல் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து ஏறினார். ஏழு மாதத்தில் எண்பது வந்தது. இந்தத் தடவை அவர் அதைக் கொண்டாடவில்லை. மறுநாள் காலை மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். அதன் மறுநாளும் அப்படியே. இதில் என்ன பெருமை என்று கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்: அடுத்த ஒன்பது வருடங்களில் அவர் ஒரு நாள்கூட விடவில்லை, ஒரு படிகூடக் கூடவில்லை. மூவாயிரத்துச் சொச்சம் காலைகள். ஒரு சுவரை நேராகக் கட்டுவதைவிட இது கஷ்டம் என்று சுவர் கட்டுகிறவரே சொன்னார். அவர் மனைவி, துணி வாங்க வருகிறவர்களிடம், சீருடையை விரித்துக் காட்டுவதற்கு முன்னால் இதைத்தான் சொன்னாள்.

அந்த வருடங்களில் கட்டடத்தில் எல்லோரும் எண்ணப் பழகிவிட்டார்கள். வாத்தியாருக்கு அறுபது ஒருநாள் அறுபத்து மூன்றானது. அவர் விடையை அழித்து எழுதாமல் நேராக டாக்டரம்மாவிடம் போனார். பக்கத்துத் தெருக்காரர்கள் வேலையிருப்பது போல வந்து ஏறிப் பார்த்தார்கள். படி கூடாதவர்கள் நிம்மதியாகத் திரும்பியதைக் கேள்விப்பட்ட டாக்டரம்மா, படி எல்லாருக்கும் கூடிவிடாது, ஒன்றுமே தெரியாமல் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறவர்கள்தான் அதிகம், பட்டை கட்டிப் பார்த்தால்தான் உண்டு என்று கண்டித்துச் சொன்னார். மேஸ்திரி அதைத் தன் கையால் பெரிய எழுத்தில் எழுதி முதல் படிக்கு மேலே சுவரில் பதித்துவைத்தார். எழுத்துகள் ஒரே மட்டத்தில் இருந்தன.

அவருக்கு அறுபத்து மூன்று வயதானபோது ஆஸ்பத்திரியின் புதுக் கட்டடத்துக்குப் படிக்கட்டு அவர் கையாலேயே வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வேலையை ஒப்படைக்கும் நாளில் இளவயது இன்ஜினியர் ஒருவர் படிவத்தை நிரப்பிக்கொண்டே, மொத்தம் எத்தனை படி மேஸ்திரி என்று கேட்டார்.

"யாருக்கு சார்?"

இன்ஜினியர் அந்த வட்டாரத்துக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அதனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்களுக்கே சொல்லுங்க."

"அறுபது. காலைல மாத்திரை போட்டிருக்கேன்."

இன்ஜினியர் அறுபது என்று எழுதினார். கையெழுத்துப் போடுமுன் முறைப்படி ஒருதடவை பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி ஏறிப் போனார். மேஸ்திரி கீழேயே நின்று கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்த இன்ஜினியர் எழுதிய எண்ணைத் திருத்தவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, டாக்டரம்மா எந்தெந்த நாள் இருப்பார் என்று மட்டும் கேட்டார்.

"செவ்வாய், வெள்ளி. கொஞ்சம் சீக்கிரமா போங்க சார், கூட்டம் இருக்கும்" என்றார் மேஸ்திரி.