நாலு நிமிஷம் உதைக்குது

இப்போதெல்லாம் எவனும் எதையும் தானாகப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. மழை பெய்கிறதா என்று கேட்டால் ஜன்னலைத் திறக்காமல் போனைத் திறக்கிறான். என் மாப்பிள்ளையும் அந்த ரகம்தான்.

என் மனைவி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். பிரிவு உபசார விழாவுக்கு என்ன வேண்டும் என்று மகள் கேட்டதற்கு, "ஒண்ணும் வேணாம். எனக்குப் பிடிச்ச அந்தப் பாட்டை ஒரு தடவை பெரிய ஸ்பீக்கர்ல கேக்கணும்" என்றாள். வாயைத் திறந்து எதுவும் கேட்காதவள் கேட்டுவிட்டாள். நடந்தாக வேண்டும்.

பத்திலிருந்து ஒரு மணி வரை ஹால் எங்களுக்கு. மாப்பிள்ளை முப்பத்தஞ்சு பாட்டைப் போனில் வரிசையாகச் சேர்த்து, கடைசியில் அந்தப் பாட்டை வைத்தார். அவள் மேடையேறி விடைபெறும்போது அது ஒலிக்க வேண்டுமாம்.

"பாட்டு மொத்தம் ரெண்டு மணி இருபது நிமிஷம் மாமா. பேசறவங்க அஞ்சு பேர், ஆளுக்கு எட்டு நிமிஷம். அப்ப மட்டும் பாட்டை நிறுத்திக்கலாம். கூட்டினா சரியா மூணு மணி நேரம்."

"ரெண்டு இருபதுன்னு யார் சொன்னா?"

"போன்லயே போட்டிருக்கு."

"போட்டவன் கேட்டுப் பாத்துட்டுத்தான் போட்டானா?"

நான் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவன். தாளில் எழுதின நேரத்துக்கு எந்த பஸ்ஸும் போய்ச் சேர்ந்ததில்லை. போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய், சுவர்க் கடிகாரத்துக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் நிறுத்தி, காலண்டர் தாளின் பின்னால் ஒரு கோடு. கடைசிக் கோடு போட்டபோது ரெண்டு மணி இருபத்துநாலு நிமிஷம் ஆகியிருந்தது.

"நாலு நிமிஷம் உதைக்குது" என்றேன்.

"நீங்க நிறுத்தி நிறுத்திக் கோடு போட்ட நேரம் மாமா அது."

"கோடு போட நாலு நிமிஷமா? நான் என்ன ரோடா போட்டேன்?"

மகள் புருஷனைப் பார்த்து, "அப்பாவுக்காக ஒரு பாட்டை எடுத்துடுங்க. இல்லேன்னா விடிய விடிய பேசுவார்" என்றாள். எடுத்தார். ஆனாலும் முகத்தைப் பார்த்தால் நம்பின மாதிரி இல்லை.

விழா அன்று கணக்கைக் கெடுத்தது பாட்டு இல்லை, பேச்சு. பெரிய டாக்டர் மைக்கைப் பிடித்து, "இவங்க மாதிரி இன்னொருத்தர் கிடைக்க மாட்டாங்க" என்றார். அதற்குள் போன் வந்து இறங்கிப் போய்விட்டார். சமையல் பிரிவு அம்மா அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டாள். ஒருத்தர் வரவேயில்லை. மிச்சம் ரெண்டு பேரும், "அவங்க சொன்னதைத்தான் நானும் சொல்றேன்" என்றார்கள். நாற்பது நிமிஷம் என்று வைத்தது பத்தே நிமிஷத்தில் முடிந்தது.

பன்னிரண்டு இருபத்திரண்டுக்கே அவள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. லேட்டாகப் போகிற பஸ்ஸுக்குத் திட்டு மட்டும்தான். ஆளை ஏற்றாமல் முன்னாலேயே கிளம்புகிற பஸ்ஸுக்கு மன்னிப்பே கிடையாது. திரும்பிப் பார்த்தேன். அவள் நாற்காலி காலி.

ஹாலுக்குப் பின்னால் குழாயடியில் இருந்தாள். புதுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு மேசை விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்றே இங்கே?"

"காப்பி கொட்டிடுச்சுங்க. இப்பவே அலசலேன்னா கறை போகாது."

"உன் பாட்டு ஓடுது."

"கேக்குதே. காதைக் கழட்டியா வச்சிருக்கேன்? இந்த முனையைப் பிடிங்க."

பிடித்தேன். முறுக்கினேன்.

"எதிர்ப்பக்கம் முறுக்குங்க. நான் முறுக்கற பக்கமே நீங்களும் முறுக்கினா எங்க பிழியும்? நல்லா பஸ் ஓட்டினீங்க போங்க."

எதிர்ப்பக்கம் முறுக்கினேன். தண்ணீர் என் செருப்பில் கொட்டியது. பாட்டோடு சேர்ந்து அவள் உதடு அசைந்தது. பாட்டு முடிகிற வரை பிழிந்தோம். விரிப்பில் அதற்குமேல் ஒரு சொட்டு இல்லை.

மாப்பிள்ளை ஓடி வந்தார். "அத்தை, நீங்க இல்லாமலே போயிடுச்சு. கவலைப்படாதீங்க, திரும்பப் போடறேன்."

"நான் கேட்டுட்டேன் மாப்பிள்ளை. இன்னொரு தடவை போட்டா வேணாம்னா சொல்லப் போறேன்?"

அவள் மேடையேறினாள். பாட்டு மறுபடி ஒலித்தது. ஊரே கை தட்டியது. முடிந்ததும் இன்னொரு தடவை. நான் விரிப்போடு வாசலில் நின்றேன்.

"பாத்தீங்களா மாமா, ஒரே பட்டன். எத்தனை தடவை வேணும்னாலும் ஓடும்" என்றார் மாப்பிள்ளை.

"அப்ப எதுக்கு என்னை ரெண்டரை மணி நேரம் சமையலறையில உக்கார வச்சீங்க?"

"நான் எங்க மாமா உக்கார வச்சேன்?"

"சரி, அந்த நாலு நிமிஷத்துக்குக் கணக்கு வந்துதா?"

"அதான் அன்னிக்கே சொன்னேனே. கோடு."

"கோடாம்" என்றேன். ஈர விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயில் எங்கே விழுகிறது என்று தேடி நடந்தேன்.