நாச்சிமுத்துவின் இடது கை

கேம் கன்சோல் செய்கிற கம்பெனிகள் நடுத்தர ஸ்டூடியோக்களோடு கைகோக்கும்போது கையைத்தான் கோக்கும். கம்பெனித் தரப்பில் ஒருவர், ஸ்டூடியோ தரப்பில் ஒருவர். இவர் கையை அவர் பிடித்துக்கொள்வார். கேம் வெளியாகிற நாள்வரை விடமாட்டார்கள். சின்ன ஸ்டூடியோ என்றால் சுண்டுவிரல் போதும், அதுவும் செவ்வாய், வெள்ளி மட்டும். பெரிய ஸ்டூடியோவை அப்படியே இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் அந்த ஊரில் அதைப் பார்க்க முடியாது. நடுத்தரத்துக்குத்தான் இந்த முழுக் கை ஏற்பாடு.

கோவை வடவள்ளியில், மோட்டார் பம்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்த பொன்வண்டு ஸ்டூடியோ நடுத்தரமானது. நாற்பத்தொரு பேர். 'பரிசல்' என்றொரு கேமை மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள். விளையாடுகிறவர் பவானி ஆற்றில் பரிசல் ஓட்ட வேண்டும். ஏறுகிற பயணிகள் எல்லாரும் பொய் சொல்வார்கள். யாருடைய பொய்யை நம்புகிறோமோ அவரை மட்டும் அக்கரையில் இறக்கிவிட வேண்டும். நல்ல கேம்தான். ஆனால் கன்சோல் கம்பெனி கைகொடுக்காவிட்டால் தீபாவளிக்குள் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று முதலாளி திலகவதி எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவர் அழவில்லை. அவர் அழாததுதான் மற்றவர்களுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. கை அனுப்புகிறோம், உங்கள் தரப்புக் கையைத் தயாராக வைத்திருங்கள் என்று எழுதியிருந்தது.

யார் கையைக் கொடுப்பது என்பதில் பெரிய விவாதம் எதுவும் நடக்கவில்லை. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இரண்டு கையும் வேண்டும். படம் வரைகிறவர்கள் ஒரு கையில் வரைவார்கள், மறு கையில் அழிப்பார்கள். பயணிகள் சொல்லும் பொய்களை எழுதுகிற நாச்சிமுத்து மட்டும் வலது ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக்கொண்டிருந்தான். டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையில் மூன்று முறை கோட்டை விட்டவன். அவனுடைய இடது கை ஆறு வருடமாக மடியிலேயே கிடந்தது.

"நாச்சிமுத்து, உங்க இடது கைதானுங்க சும்மா இருக்குது," என்றார் திலகவதி.

"மேடம், எனக்கு உள்ளங்கை வேர்க்குமுங்க."

"எல்லாத்துக்கும்தானுங்க வேர்க்கும்."

"எனக்குச் சொட்டுமுங்க."

அவன் மிகைப்படுத்தவில்லை. பொய் எழுதுவது தொழிலே தவிர, பேச்சில் அவன் அரிச்சந்திரன். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கணக்குத் தாள் நனைந்து கிழிந்து, மறு தாளில் முதலிலிருந்து எழுதியவன். கல்யாணத்தில் அவன் கையைச் சுகந்தியின் கையோடு சேர்த்துவைத்தபோது, ஐயர் இன்னும் தண்ணீரே வார்க்கவில்லையே என்று அவள் செம்பை எட்டிப் பார்த்தாள். ஆனாலும் வேறு கை இல்லை. முடியாது என்று சொல்ல அவனுக்கு மனசும் வரவில்லை, ஏனென்றால் அவன் சும்மா வைத்திருந்த ஒரு கையை நம்பி நாற்பது வீட்டில் உலை கொதிக்க வேண்டியிருந்தது.

எட்வின் தேவசகாயம் ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்தார். நாகர்கோவில்காரர், ஐம்பது வயதிருக்கும். கம்பெனியில் பத்தொன்பது வயதில் கையாகச் சேர்ந்தவர். மாடிப்படி ஏறி வந்ததும் ஒரு டம்ளர் மோர் குடித்தார், ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினார், பிறகு தன் வலது கையால் நாச்சிமுத்துவின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை பொரிக்காத அப்பளம்போல் உலர்ந்திருந்தது. ஒரு நிமிடத்துக்குள் அது நனைந்தது. எட்வின் பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

ஒப்பந்தம் முறிவதற்கு மூன்று வழிகள் இருந்தன. ஒன்று கைவிடுவது. இரண்டாவது, கைநழுவுவது. மூன்றாவது கைகழுவுவது. முதல் இரண்டும் நடந்த மாத்திரத்தில் முறிந்துவிடும். மூன்றாவதற்கு மட்டும் ஒரு முறை இருந்தது: யாராவது ஒரு தரப்பார், அவர்கள் வீட்டு ஆட்களானாலும் சரி, இரண்டு பேரையும் பார்த்துக் கைகழுவச் சொன்னால் அது நோட்டீஸ். நோட்டீஸ் விழுந்தால் ஆய்வாளர் வருவார். கோத்த கைகளுக்கு நடுவில் தண்ணீர் இருந்தால் முடிந்தது கதை.

பக்கத்துத் தெருவில் வெட்டுக்கிளி என்று ஒரு ஸ்டூடியோ இருந்தது. அவர்களுடைய கை, ஒரு கொசுவை அடிக்கப் போய் நழுவிவிட்டது. இப்போது அந்தக் கட்டடத்தில் லேடீஸ் ஹாஸ்டல் நடக்கிறது. அங்கே வேலை பார்த்தவர்களில் நாலைந்து பேர் இன்னும் காலையில் பழக்க தோஷத்தில் அந்தத் தெரு டீக்கடைக்கு வந்து நிற்பார்கள். நாச்சிமுத்து அவர்களைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்த்தான். பார்த்ததும் பிடியை இறுக்குவான். இறுக்கினால் இன்னும் வேர்க்கும். படிகாரம் தடவிப் பார்த்தான், முகப் பவுடர் போட்டான், அரிசி மாவு தூவினான். மாவு பிசைந்ததுபோல் ஆனதுதான் மிச்சம்.

மற்றபடி வாழ்க்கை ஒரு மாதிரி ஓடியது. எட்வின் வீரகேரளத்தில் நாச்சிமுத்துவின் வீட்டிலேயே தங்கினார். கட்டிலுக்கு இடப்பக்கம் ஒரு மடக்குக் கட்டில், நடுவில் ஒரு திரை, திரையில் கை போகிற அளவுக்கு ஓர் ஓட்டை. ஓட்டை பிரிந்துபோகாமல் இருக்கச் சுகந்தி அதைச் சுற்றி ஓரம் அடித்துத் தைத்துக்கொடுத்தாள். குளியலறைக்குப் போகும்போது மாற்றுக் கையாகத் தேக்கில் கடைந்த ஒரு கையைக் கம்பெனி கொடுத்திருந்தது. யார் உள்ளே போனாலும் வெளியே நிற்பவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பார், உள்ளே போனவர் கோக்கிற கையை நனைக்காமல் திரும்புவார். எட்வின் இடது கையால் சாப்பிட்டார். கம்பெனியில் அதற்கு ஆறு வாரப் பயிற்சி உண்டு. ரசம் சாதத்தைக்கூட ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிடுவார்.

காலையில் எழுந்ததும் நாச்சிமுத்து முதலில் பத்து விரல்களையும் எண்ணிப் பார்ப்பான். ஐந்து தன்னுடையது, ஐந்து அவருடையது. பத்தும் இருந்தால்தான் பல் தேய்க்கப் போவான்.

ஒருநாள் பஸ்ஸில் அவனே வாயைத் திறந்து கேட்டுவிட்டான். "சார், ரொம்ப ஈரமா இருக்குதுங்களா?"

"ஈரம் கெடக்கட்டும். நீங்க பிடிய விட்ராதீங்க, அது போதும்," என்றார் எட்வின். பிறகு ஜன்னல் வழியாக மருதமலையைப் பார்க்கத் தொடங்கினார்.

கழுவு என்ற சொல்லை வீட்டில் யாரும் சொல்வதில்லை. சுகந்தி எட்டு மாதம் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டாள். சாப்பிட்டு முடித்ததும் வாய் பேசாமல் செம்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள். அவரவர் சாப்பிட்ட கையை மட்டும் அவரவர் நனைத்துக்கொள்வார்கள். பாத்திரத்தை விளக்குவாள், துணியை அலசுவாள், வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பாள். எதையும் கழுவமாட்டாள்.

ஒன்பதாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பள்ளிபாளையம் சிக்கன் செய்திருந்தாள். எட்வின் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் எதையும் இரண்டாம் முறை கேட்டதே இல்லை. சுகந்திக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மனசு குளிர்ந்தால் நாக்கு காவலை விட்டுவிடுகிறது. பிறந்த வீட்டில் விருந்தாளிகளிடம் சொல்லிப் பழகிய வாய் அது.

"போதுமுங்களா அண்ணா? சரி, எந்திரிங்க, ரெண்டு பேரும் கை கழுவிக்குங்க," என்றாள்.

எட்வின் கையிலிருந்த எலும்பைத் தட்டின் ஓரத்தில் மெதுவாக வைத்தார்.

"சொல்லிட்டீங்களே, தங்கச்சி," என்றார்.

சுகந்தி செம்போடு அப்படியே நின்றாள். எட்வின் இடது கையால் போனை எடுத்து நோட்டீஸை அனுப்பினார். அது அவர் கடமை, அவர்மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. சுகந்தி சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். நாச்சிமுத்து பின்னாலேயே போனான், எட்வினும் கூடவே போனார், மூன்று பேரும் அடுப்பு மேடையருகே நின்றார்கள்.

"நாப்பத்தொரு குடும்பமுங்க," என்றாள் அவள்.

"நீ வேணும்னு சொல்லலை, சுகந்தி."

"வேணும்னு சொன்னா என்ன, வேண்டாம்னு சொன்னா என்ன. சொல்லிட்டேனுங்களே."

அவன் கை முன்னெப்போதும் இல்லாதபடி வேர்த்தது. மணிக்கட்டிலிருந்து தரையில் சொட்டியது.

ஆய்வாளர் லலிதாங்கி மறுநாள் காலைப் பத்து மணிக்கு சென்னையிலிருந்து வந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்காத பெண்மணி. நாற்பத்தொரு பேரும் சுவரோரமாக நின்றார்கள். அவர் கோத்த கைகளைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவிலிருந்து ஒரு சொட்டு அவர் செருப்பின்மேல் விழுந்தது.

"தண்ணி இருக்கே," என்றார்.

வேர்வை என்று சொல்ல நாச்சிமுத்துவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இவ்வளவு வேர்வையை யார் நம்புவார்கள்? அவனே எழுதிய பயணிகளில் ஒருவன் அப்படிச் சொல்லியிருந்தால் நாச்சிமுத்துவே அவனை அக்கரையில் இறக்காமல் திருப்பி அனுப்பியிருப்பான்.

"நோட்டீஸ் விழுந்த வீட்ல என்ன தண்ணி வருது?"

"சிறுவாணிங்க," என்றார் திலகவதி. "இங்கயும் அதேதானுங்க."

"ஒரு டம்ளர் கொண்டாங்க."

கொண்டுவந்தார்கள். லலிதாங்கி ஒரு வாய் குடித்தார். நின்று, இன்னொரு வாய் குடித்தார். "தித்திக்குதே," என்றார்.

"சிறுவாணியாச்சுங்களே," என்றார்கள் நாற்பத்தொரு பேரும். வேலை போகப்போகிறது, வீட்டு வாடகைக்கு வழியில்லை, ஆனாலும் ஒரு வெளியூர்க்காரர் சிறுவாணித் தண்ணீரைப் புகழ்ந்தால் கோயமுத்தூர்க்காரனால் சும்மா இருக்க முடியாது. சொல்லிவிட்டுத்தான் தங்கள் தலையில் தாங்களே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமோ என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லலிதாங்கி டம்ளரைக் கீழே வைத்தார். ஆள்காட்டி விரலைக் கோத்த கைகளின் இடுக்கில் விட்டு எடுத்தார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். கீழே கடையில் யாரோ ஒரு மோட்டாரை ஓட்டிப் பார்த்து நிறுத்தினார்கள்.

"உப்பு," என்றார்.

மறுபடி ஒருமுறை விரலை விட்டு ருசி பார்த்தார். "நல்ல உப்பு. இது சிறுவாணி இல்ல. இந்தக் கையில ஒன்பது மாசமாத் தண்ணியே படல," என்று சொல்லி, 'கழுவப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மீதித் தண்ணீரைக் குடித்துவிட்டு, ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு புறப்பட்டார்.

திலகவதி மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஒரு வருடமாக அழ வேண்டியதையெல்லாம் சேர்த்து அழுதார். அதைப் பார்க்கப் பார்க்க எல்லாருக்கும் உயிர் திரும்பி வந்தது. நாச்சிமுத்து பள்ளிக்கூட நாளிலிருந்து வெறுத்த வேர்வை அது. அன்றைக்கு அதைத் துடைக்கக்கூட அவனுக்கு மனசு வரவில்லை. சுகந்திக்குப் போன் போட்டு, "உப்புங்கறாங்க," என்று மட்டும் சொன்னான். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

'பரிசல்' பதினான்காம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வெளியானது. திலகவதி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார், கைகள் பிரிந்தன. பதினான்கு மாதம் ஒன்றாக ஊறிக் கிடந்ததில் எது யாருடையது என்று கைகளுக்குப் பிடிபடவில்லை. நாச்சிமுத்துவின் இடது கை எட்வினோடு போய்விட்டது. எட்வினின் வலது கை நாச்சிமுத்துவிடம் தங்கிவிட்டது. எட்வின் புதுக் கையைத் திருப்பிப் பார்த்தார், சட்டைப் பையில் விட்டுக்கொண்டார், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். படியிறங்கும்போது மட்டும் ஒருமுறை திரும்பி எல்லாரையும் பார்த்துத் தலையாட்டினார். திங்கட்கிழமை காலை நாற்பத்தொரு நாற்காலியிலும் ஆள் இருந்தது. நாச்சிமுத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

அன்று சாயங்காலம் சுகந்தி தோசை வார்த்தாள். நாச்சிமுத்து சாப்பிட உட்கார்ந்ததும், மூன்று நாளாக மடியிலேயே அயர்ந்து கிடந்த எட்வினின் கை மேஜைமேல் ஏறித் தட்டின் ஓரத்தில் வந்து படுத்தது. அதற்கு இடது மணிக்கட்டில் கட்டைவிரல் வெளிப்பக்கமாக இருந்தது.

"ஏனுங்க, அதுக்குப் பசிக்குதாட்டம் இருக்குதுங்க," என்றாள் சுகந்தி.

பிடிக்கிற கையாகவே முப்பது வருடம் இருந்த கை அது, அத்தனை நாளும் சோற்றைத் தொட்டதே இல்லை. சுகந்தி இன்னொரு தட்டு வைத்து, தோசையும் தேங்காய்ச் சட்னியும் போட்டாள். கை கொஞ்ச நேரம் தோசையைத் தடவிப் பார்த்தது. பிறகு ஒரு விள்ளல் பிய்த்து, சட்னியில் தோய்த்து, நாச்சிமுத்துவின் வாயில் வைத்தது. அவன் மென்று விழுங்கினான். அப்படியே மூன்று தோசை ஊட்டியது. அவனுக்குப் பசி அப்படியே இருந்தது.

போன் அடித்தது. நாகர்கோவிலிலிருந்து எட்வின்.

"நான் இன்னும் சாப்பிடவே உக்காரல, வயிறு நிறைஞ்சுட்டு," என்றார். "தோசைதான?"

"ஆமாங்க சார். மூணு."

"நல்லா இருந்துச்சு, தங்கச்சிட்ட சொல்லுங்க. நாளைக்கு இட்லின்னா ரெண்டு கூடப் போகும்."

சுகந்தி உழக்கை எடுத்துக்கொண்டு போய் அரிசியை ஊறப்போட்டாள்.